பழனிக்கு நடப்பவர்கள் வலது ஓரமாக நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பாதி தாண்டியதும் எங்கள் பக்கம் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிவிடும். ஈரோட்டிலிருந்து வருபவர்கள் அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்குக் குண்டடம் வழி, கோவைக்காரர்களுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழி. வெயில் தாங்காது என்று பாதிப் பேர் இரவில்தான் நடக்கிறோம். நானும் இருபத்திரண்டு வருடமாக நடக்கிறவன். இந்தத் தைப்பூசத்துக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்: நாம் சாலையில் நடக்கிற பக்கமே தவறு.

நாம் எல்லோரும் இடது ஓரமாகப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் 'இடப்பக்கம் செல்' என்று படித்தது மனதில் நின்றுவிட்டது. அது வண்டிக்குச் சொன்னது. நடைபாதை இல்லாத சாலையில் நடக்கிறவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இடது ஓரத்தில் போனால் நம்மை உரசிப்போகும் ஒவ்வொரு வண்டியும் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அது நேராக வருகிறதா, ஓட்டுகிறவர் தூங்கி வழிகிறாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு, தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், விடியற்காலை நான்கு மணி இருக்கும். எங்கள் அத்தை வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவர் தோளில் அடித்தது. வேன் நிற்கவில்லை. அத்தைக்குக் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஒரு சாண் தள்ளி அடித்திருந்தால் தலையில் பட்டிருக்கும். ஐந்தாறு வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். கேஸு, சாட்சி என்று அலைய வேண்டிவரும் என்ற பயம்தான் மற்றவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, உதவி செய்பவர்மேல் அப்படி எந்தப் பொறுப்பும் விழாமல் காக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடத்திலிருந்து எங்கள் குழு வலது பக்கம் மாறிவிட்டது. முதல் இரவே எதிர் ஓரத்தில் போன ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, குடும்பத்தோட வந்துட்டுத் தப்புப் பக்கமாப் போறீங்களே?" "வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியட்டுமுங்க" என்றேன். உண்மையிலேயே அவ்வளவுதான் விஷயம். ஒரு மைல் தொலைவில் விளக்கு தெரியும்போதே குழந்தைகளை மண்ணுக்கு இறக்கிவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆளைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு விநாடியாவது ஆகும். அதற்குப் பிறகு காய்ந்த தார்ச் சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். டிம் வெளிச்சத்தில், காவியோ பச்சையோ கட்டி நடக்கிறவர் முப்பது, நாற்பது மீட்டருக்கு வந்தால்தான் தெரிவார். எதிரே ஒருவன் ஹைபீம் போட்டு வந்தால் அதுவும் இல்லை. ஆகவே ஓட்டுநர் நல்லவராகவே இருந்தாலும் அவரால் நிறுத்த முடியாது. ஆனால் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் இரண்டு அடி விலகிவிடலாம். 60-க்குக் கீழே ஓட்டுங்கள் என்று ஓட்டுநர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவர்கள் கேட்கிற வரைக்கும் நம் உயிரை நாம்தானே பார்க்க வேண்டும்?

வளைவுகளில் மட்டும் கவனம் வேண்டும். வலது பக்கம் திரும்பும் வளைவில் எதிரே வருகிறவருக்கு நம்மைத் தெரியாது. அங்கே தார் ஓரத்தை விட்டு நன்றாகவே இறங்கிவிட வேண்டும்.

காவல்துறையினர் இரவில் நின்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அது பெரிய உதவி, நன்றி. ஆனால் எப்போதும் முதுகுப் பையில் ஒட்டுகிறார்கள். வலது பக்கம் நடந்தால் வெளிச்சம் முன்னால் படும். அதனால் நெஞ்சுப் பக்கமும் கணுக்காலிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். கால் அசைய அசைய, அது மைல்கல் அல்ல, மனுசன் என்று ஓட்டுநருக்குத் தூரத்திலேயே புரிந்துவிடும். சைக்கிளில் போகிறவர்களுக்கு இந்த வலப்பக்கக் கணக்கு பொருந்தாது. அவர்கள் இடதுபக்கம்தான் போக வேண்டும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்னதானம் போடும் புண்ணியவான்கள் பந்தலைத் தாரிலிருந்து பத்தடியாவது உள்ளே தள்ளிப் போடுங்கள், வலப் பக்கமும் போடுங்கள். இப்போது தண்ணீர் குடிக்கச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. சாமான் ஏற்றி வரும் வண்டிகள் விளக்கை அணைத்துவிட்டுச் சாலையிலேயே நிற்பதும் கூடாது.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கால்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், நடைபாதை என்பது மக்களின் உரிமை என்றும் நீதிமன்றம் சொன்னது. நம் கொங்கு மண்ணிலிருந்து போன வழக்கு அது. ஆனால் காங்கேயத்திலிருந்து தாராபுரம் வரை நடந்து பாருங்கள், வலது ஓரத்தில் முள்ளும் ஜல்லியும்தான் கிடக்கின்றன. நெடுஞ்சாலைத் துறை தை பிறக்கும் முன்பே வலது ஓரத்தை மட்டுமாவது வெட்டிச் சீராக்கி, 'பாதயாத்திரை செல்வோர் இப்பக்கம்' என்று அம்புக்குறிப் பலகை வைத்தால் போதும்.

தைப்பூசத்துக்கு நீங்கள் சிறப்புப் பக்கம் போடுவீர்கள் என்று தெரியும். அதில் ஒரு கட்டம் ஒதுக்கி, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று படத்தோடு வெளியிடுங்கள். எங்கள் குழுவில் எல்லோர் பையிலும் ஒரு பிரதி இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அரச்சலூர், ஈரோடு மாவட்டம்.