அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி

சேலம்
வியாழன் ராத்திரி

மாப்ள,

அந்த செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டியா? கொடுக்கலைன்னா இதை முழுசாப் படிச்சிட்டு அப்புறம் கொடு. கொடுத்திருந்தாலும் படி, திருப்பி வாங்குறதுக்காவது காரணம் கிடைக்கும்.

ஆடிக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதலைன்னு திட்டியிருந்த. திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, ஆனா கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நடந்துதான் போவேன்னு ஒரே அடம். பெரியவன் காலேஜ் சேர்ந்துட்டான். தட்டுவடை செட்டு விலை ஏறிடுச்சு, தட்டுவடை இளைச்சிடுச்சு. ஊர் சமாச்சாரம் அவ்வளவுதான்.

நீ அனுப்புன பைக் போட்டோவுக்கு வரேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், "2020 மாடல், சிங்கிள் ஓனர், ஃபுல்லி லோடட்". மத்ததெல்லாம் சரி, அந்த "ஃபுல்லி லோடட்"தான் வயித்தைக் கலக்குது. முன்னாடி நாலு எக்ஸ்ட்ரா லைட்டு, ரெண்டு ஹாரன், போன் சார்ஜர், ஹேண்டில்பார்ல சிவப்பும் பச்சையுமா சுவிட்சு வரிசை. வண்டி வாங்குறியா, கல்யாண வீட்டு சீரியல் செட்டு வாங்குறியா?

ஏன் இவ்வளவு பதறுறான்னு நினைப்ப. போன மாசம் வாத்தியாருக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அவரே யார்கிட்டயும் சொல்லாம முழுங்கிட்டாரு. நான் சொன்னதா காட்டிக்காத.

அவரும் உன்னை மாதிரியே ஒரு அட்வென்ச்சர் பைக்கு செகண்ட் ஹேண்டுல எடுத்தாரு. எந்தக் கம்பெனின்னு கேக்காத, கம்பெனி மேல ஒரு தப்பும் இல்ல. ஏற்காட்டுல ஒரு விசேஷம் முடிச்சிட்டு அவரும் டீச்சரம்மாவும் ராத்திரி இறங்குறாங்க. நல்ல மூட்டம். 11-வது கொண்டை ஊசி வளைவுல ஹேண்டிலை முழுசா ஒடிச்சுத் திருப்புறாரு, பட்டுன்னு எல்லாமே போச்சு. இன்ஜின், ஹெட்லைட்டு, மீட்டர், பின்னாடி சிவப்பு லைட்டு, ஒண்ணுமில்ல. பிரேக்கு ஆயில்ல வேலை செய்யுறதால பிடிச்சிருக்கு, சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்குற ஏபிஎஸ்தான் செத்துப்போச்சு. ஓரங்கட்டுறதுக்குள்ள பின்னாடி பஸ்சு வந்துடுச்சு. கறுப்பு வண்டி, கறுப்பு ஜெர்கின், அந்த மூட்டத்துல டிரைவருக்கு என்ன தெரியும்? கடைசி நேரத்துல பார்த்து ஒடிச்சிருக்கான். நான் போய்ச் சேர்ற வரைக்கும் டீச்சரம்மா ரோட்டோர சுவரைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தாங்க. எப்பவும் என்னைக் கண்டதும் ஏதாவது ஒண்ணு சொல்லிக் கிண்டல் பண்றவங்க, அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை.

பார்த்தா மெயின் ஃபியூஸ் போயிருக்கு. மாத்திப் போட்டதும் செல்ஃப் எடுத்துச்சு. அடுத்த வளைவுலேயே மறுபடியும் போச்சு. நேரா போறப்ப ஒண்ணும் ஆகலை, ஹேண்டிலை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சா மட்டும்தான் போகுது. அங்கதான் எனக்குப் பிடி கிடைச்சுது. டீச்சரம்மாவை ஒரு கார்ல ஏத்தி அனுப்பிட்டு, என் வண்டி வெளிச்சத்துலயே அதை உருட்டி அடிவாரத்துக்குக் கொண்டுவந்து, டீக்கடை லைட்டுல டேங்கைக் கழட்டினோம். ஹேண்டில் திரும்புற கோன் செட்டுக்குப் பக்கத்துல கறுப்பு டேப்பைச் சுத்திச் சுத்தி எலுமிச்சம்பழ அளவுல ஒரு உருண்டை. டேப்பு வெயில்ல இளகி விரல்லயே பிசுபிசுன்னு ஒட்டுது. பிரிச்சா உள்ள பச்சைக் களிம்பு ஏறுன செம்புக் கம்பி. நாலு லைட்டுக்கும் தனியா கரண்டு விடுற ரிலேயும் கிடையாது, தனி ஃபியூஸும் கிடையாது. சாவி சுவிட்சுக்குப் போற வயரையே கீறி, அதுல முறுக்கி விட்டிருக்கான் எவனோ. ஹேண்டில் திரும்புறப்பல்லாம் அது ஃப்ரேம்ல உரசி, தோல் போயி, முழு ஒடிப்புல கரண்டு ஃப்ரேமுக்குப் பாஞ்சு எர்த் அடிச்சிருக்கு. ஓமலூர் ரோட்டுல நேரா ஓட்டுறவனுக்கு இது வருஷக்கணக்குல தெரியாது. ஏற்காட்டுப் பாதையில 20 வளைவு இருக்கு, ஏதோ ஒண்ணுல மாட்டத்தான் செய்யும்.

ஃபியூஸ் போனதே நம்ம அதிர்ஷ்டம். சில பேரு ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்தி வைப்பான் பாரு, அப்படி இருந்திருந்தா வயர்தான் எரிஞ்சிருக்கும். அதுக்கு நேர் மேல பெட்ரோல் டேங்கு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைடா.

இப்ப உன் "2020 மாடலு"க்கு வா. வருஷத்தைச் சும்மா நம்பிடாத. ஹிமாலயன் 2016-ல வந்தப்ப, பெட்ரோலைக் காத்தோட கலந்து விடுற பழைய கார்புரேட்டர். 2017-ல பிஎஸ்4-ங்குற புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும், கம்ப்யூட்டர் சொல்ற அளவுல பெட்ரோலைப் பீச்சுற ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். 2018-ல ஏபிஎஸ். 2020-ல பிஎஸ்6, அதோட பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைச்சுக்கிற வசதி, நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா எரிய விடுற ஹசார்டு லைட்டு சுவிட்சு. 2021-ல மீட்டருக்குப் பக்கத்துல வழி காட்டுற டிரிப்பர். அப்புறம் 2023 கடைசியில 450, அது முழுக்க வேற வண்டி, தண்ணி கூலிங், த்ராட்டிலுக்குக் கேபிளே கிடையாது. ஹீரோ எக்ஸ்பல்ஸும் இப்படித்தான், 2019-ல கார்புரேட்டர்லயும் கிடைச்சுது, பிஎஸ்6 வந்ததும் இன்ஜெக்‌ஷன் மட்டும்தான். பெரிய மாத்தம் முக்கால்வாசியும் சட்டம் மாறுனப்பதான் வந்திருக்கு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 2020 ஏப்ரல் 1-லேர்ந்து பிஎஸ்4 வண்டியை விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018-லயே சொல்லிடுச்சு. அதனால அந்த மார்ச்சு மாசத்துக்குள்ள கையில இருந்த பிஎஸ்4 வண்டியையெல்லாம் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிட்டாங்க. 2019-ல செஞ்ச வண்டி 2020-ல ரிஜிஸ்டர் ஆயிருக்கும். விக்கிறவன் வாய்க்கு அது "2020 மாடல்". பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. ஆர்சியில ரிஜிஸ்டர் ஆன தேதியைப் பார்க்காத, தயாரிச்ச மாசமும் வருஷமும் தனியா இருக்கும், அதைப் பாரு. உன் போட்டோவுல ஹசார்டு சுவிட்சைத் தேடிப் பார்த்தேன், அவன் ஒட்டி வெச்சிருக்குற சுவிட்சுக் கூட்டத்துல ஒண்ணும் தெரியலை.

"பழைய கார்புரேட்டர் வண்டியே எடுத்துடுறேன், எலக்ட்ரிக் தொல்லையே இல்ல"ன்னு நீ ஆரம்பிப்ப, தெரியும். பாட்டரி இறங்கிப் போனா அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாங்குறது வாஸ்தவம். இன்ஜெக்‌ஷன்ல பம்பும் இசியுங்குற கம்ப்யூட்டரும் முழிச்சாத்தான் பெட்ரோலே வரும். ஆனா எந்த ஹிமாலயனுக்கும் கிக்கர் கிடையாது, பிஎஸ்6 வண்டி எடை 199 கிலோ, உனக்கு இடுப்புல பெல்ட்டு. யாரு தள்ளப் போறா, நானா? மேட்டூர்ல தள்ளுனது போதும்.

என் அனுபவத்துல சென்சார் கூடுனதால வண்டி நிக்கிறது அபூர்வம். நிக்கிறதெல்லாம் எர்த் வயர், வயரை இணைக்கிற கப்ளர்ல ஏறுன ஈரம், கரண்டு உண்டாக்குற காயில் பிளேட்டு, அந்தக் கரண்டைச் சீராக்கி பாட்டரிக்கு அனுப்புற ஆர்ஆர் யூனிட், அப்புறம் ஊர் எலக்ட்ரீஷியன் கைவண்ணம். இந்த ஆர்ஆர் யூனிட்டு இருக்கே, நிறைய வண்டியில மிச்சக் கரண்டைச் சூடாத்தான் வெளிய தள்ளும். காத்துப் பட்டாத்தான் பொழைக்கும். அது மேல சேறு அப்பிக் கிடந்தா ஆயுசு கம்மி. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை வெச்சு சீட்டுக்கு அடியில அடிக்கிறானுங்க பாரு, பாக்கும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வரும். மழையில ஓட்டுனா ஒண்ணும் ஆகாத கப்ளர்ல தண்ணியைக் குத்தி ஏத்துறது அவன்தான்.

ஞாயித்துக்கிழமை வண்டியைப் பார்க்கப் போறப்ப, வோல்ட் அளக்குற ஒரு மல்டிமீட்டர் கொண்டு போ. ஓசூர்ல நூத்துக்கணக்குல மெஷின் ஷாப் இருக்கு, ஒரு மீட்டர் இரவல் கிடைக்காதா? வண்டியை விக்கிறவன் முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா உடனே சந்தேகப்படு. ஆற விட்டு, மீட்டரை பாட்டரியில வை: 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். செல்ஃப் அடிக்கிறப்ப 10-க்குக் கீழ சரிஞ்சா பாட்டரி போச்சு, அதுக்கு விலையைக் குறைச்சுக்கலாம், பயமில்ல. ஸ்டார்ட் ஆனதும் நாலாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் ரேஸ் பண்ணு, 14 பக்கம் வந்து நிக்கணும். 15-ஐத் தாண்டுனா ஆர்ஆர் யூனிட்டு அவுட்டு, இசியுவையும் சேர்த்துக் கொண்டுபோயிடும். 12-லேயே படுத்துக் கிடந்தா சார்ஜே ஏறலை. இதெல்லாம் இன்ஜின் ஆறியிருக்குறப்ப ஒரு தடவை, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குனதுக்கு அப்புறம் ஒரு தடவை. காயில் பிளேட்டு சூட்டுலதான் தன் குணத்தைக் காட்டும்.

அப்புறம் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, வண்டி ஓடிக்கிட்டு இருக்குறப்பவே ஹேண்டிலை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு மெதுவா ஒடி. நாலஞ்சு தடவை. இன்ஜின் ஒரு விக்கல் எடுத்தாலும், லைட்டு ஒரு சிமிட்டு சிமிட்டுனாலும் அப்படியே சாவியைக் கொடுத்துட்டு வந்துடு. சீட்டைத் தூக்கச் சொல்லு. கம்பெனி டேப்பு துணி மாதிரி இருக்கும், கடை டேப்பு பளபளன்னு இருக்கும். பளபளப்பு எத்தனை இடத்துல தெரியுதுன்னு பார்த்தாலே அந்த வண்டி ஜாதகம் தெரிஞ்சிடும்.

என்னைக் கேட்டா, ஒரு ஸ்க்ரூ கூட மாத்தாத, பெயிண்டு மங்குன, பாக்க சகிக்காத பிஎஸ்6 வண்டியா தேடு. இருபதாயிரம் கூடப் போனாலும் போகட்டும். நீ இருக்குற ஓசூர்லயே டிவிஎஸ் ஆலையில செஞ்ச பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் இருக்கு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குற, உன் இஷ்டம். இதே வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா, அந்த நாலு லைட்டையும் அவனையே கழட்டித் தரச் சொல்லு, வயரோட. பேரம் பேசுறதுக்கும் அது நல்ல சாக்கு.

நீ வாங்குனதும் முதல் சவாரியா இங்க வருவேன்னு எழுதியிருக்க. வா. ஆனா பகல்ல வா. வீட்டுல இருந்து குப்பனூர் வழியா ஏற்காட்டுக்குப் போவோம், வண்டி நெரிசல் கம்மி. தங்கச்சியைப் பின்னாடி உக்கார வைக்கிறதெல்லாம் டேங்கைக் கழட்டி நான் ஒரு தடவை பார்த்ததுக்கு அப்புறம்தான். அது வரைக்கும் அவங்க பஸ்ல வரட்டும், புது பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிக்கிறேன்.

ஆர்சி போட்டோவை நாளைக்குக் காலையிலேயே அனுப்பு. முன்பக்கம் மட்டும் அனுப்பி ஏமாத்தாத, ரெண்டு பக்கமும் வேணும்.

உன்
பங்காளி