மஞ்சள் குருவிகள் வந்துவிட்டன

பெகு, பர்மா,
மார்கழி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அக்கா, மச்சான், குழந்தைகள் எல்லாரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இதைக் கொண்டுவருகிறவரை உனக்குத் தெரியும். கையில் கொடுத்தனுப்புவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போனில் நீ கிடைப்பதே இல்லை. அந்தப் பக்கம் லைன் சரியில்லை என்று அம்மாவுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறுப்பு முடிந்து உளுந்து விதைத்தாயிற்று. நெல் விலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன் மஞ்சள் மார்புக் குருவிகள் வந்துவிட்டன. கால்வாய்க்கரை வயலில் அரிதாளுக்குள் மேய்கின்றன. போன வாரம் ஒன்று வரப்பில் எனக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தது. ஒரு நெல்லை எடுத்து அலகின் குறுக்கே வைத்து, நாக்கால் உருட்டி, உமியை வெளியே தள்ளிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கியது. மார்பு மஞ்சள் மங்கித்தான் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஓடுகிற செம்பழுப்புப் பட்டை பாதி மறைந்திருந்தது. பங்குனி வாக்கில்தான் நிறம் துலங்கும், அதற்குள் கிளம்பிவிடும் என்று சொல்வாயே, அந்த ஞாபகத்தில் அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

கூட்டம் சிறுத்துவிட்டது தம்பி. தாத்தா இருந்தபோது சாயங்காலம் கரும்புக் காட்டில் அவை அடைய இறங்கினால் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல் சத்தம் கேட்கும். இப்போது ஒரு கையளவு கூட்டம்தான் இறங்குகிறது. 1980-க்கும் 2013-க்கும் நடுவில் நூற்றுக்கு 84-லிருந்து 95 வரை அழிந்துவிட்டன என்று நீ படித்துச் சொன்னபோது, நான் நம்பவில்லை. 2004-க்கு முன்பு கவலைப்பட வேண்டாத பறவையென்று எழுதி வைத்திருந்தார்கள், 2017-இல் அழிவின் விளிம்பில் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். மோயுங்ஜி ஏரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கேட்டதற்கெல்லாம் நீ நின்று பதில் சொன்னாய். 1878-இல் வெட்டிய ஏரி என்பதுகூட எனக்கு உன் வாயால்தான் தெரியும். நம் வீட்டில் யாருக்கும் அந்த அறிவு இல்லை. மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லை. இருபது கிராமுக்கு முன்னே பின்னே எடையுள்ள பறவை சைபீரியாவிலிருந்து வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் இருக்கிற மேசோட் என்ன அவ்வளவு தூரமா?

குறை சொல்வதற்காக எழுதவில்லை. கூரைத் தகரம் மாற்றியது உன் பணம். மார்ச் நிலநடுக்கத்தில் விட்ட அடுப்படி விரிசலைப் பூசியதும் உன் பணம். கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குருவிகள் வரும் வழியை நீ ஒருமுறை தரையில் குச்சியால் கீறிக் காட்டினாய். முன்பு பின்லாந்துவரை முட்டையிட்ட பறவை, நேரே தெற்கே இறங்காமல் முதலில் கிழக்கே போய், பிறகு சீனத்தின் வழியாக இறங்கி வரும். முன்னோர் வந்த வழி அதுதான் என்பதால் அதற்கு வேறு வழி தெரியாது. அந்த வழியில்தான் வலை கட்டினார்கள். தின்பதற்கு. 1997-இல் சீனத்தில் தடை போட்ட பிறகும் பிடித்தார்கள். இங்கே பனி இல்லை, நெல் இருக்கிறது, அங்கே கோடையில் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. இரண்டு ஊரும் அதற்கு நல்ல ஊர்தான். நடுவழியில்தான் சாவு. வலை நூல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, பறக்கிறதோ ராத்திரியில்.

ராத்திரிப் பயணம் வேண்டாம் தம்பி. யார் கூப்பிட்டாலும் வேண்டாம்.

இன்னொன்றும் நீ சொன்னதுதான். உடம்பில் கொழுப்பு ஏறாமல், காற்று தோதாகத் திரும்பாமல் எந்தக் குருவியும் புறப்படாது. கையில் காசும் செல்லுபடியாகும் வேலை அனுமதி அட்டையும் இல்லாமல் நீயும் இருக்கிற இடத்தைவிட்டு அசையக் கூடாது. சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்த முதலாளி, தெரிந்த தொழிற்சாலை. நேரத்துக்குச் சாப்பிடு. அட்டையை யாரிடமும் கொடுத்து வைக்காதே, பத்திரமாக வைக்கிறேன் என்று கேட்டாலும் கொடுக்காதே.

அம்மா போன பௌர்ணமிக்குப் பகோடா வாசலில் கூடைக்காரியிடம் சில்லைக் குருவிகள் வாங்கி உன் பேரைச் சொல்லிப் பறக்கவிட்டாள். வாங்க வாங்கத்தான் பிடிப்பார்கள் என்று நீ சண்டை போடுவது அவளுக்கு மறக்கவில்லை. இருந்தாலும் செய்தாள், நானும் தடுக்கவில்லை. உன்னை வந்துவிடச் சொல்லி எழுது என்கிறாள். நான் எழுதப்போவதில்லை. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பது என்று ஆனபின், 2024 மாசியிலிருந்து நம் தெருவில் சின்லோன் பந்து ஆட இளவட்டம் சேர்வதில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் கிழவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுப் பட்டியலில் உன் பேருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வெளியூரில் வேலை என்று சொல்லி டீ கொடுத்து அனுப்புகிறேன். கேட்டால் இனியும் அப்படியே சொல்வேன். காலம் திரும்பினால் நானே எழுதுவேன், அதுவரை வராதே.

நெல் விலை எழுதுகிறேன் என்றேன். அது கிடக்கட்டும்.

அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சின்னவன் அவள் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது நீ அனுப்பியது என் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் வேலை, சாப்பாடு, தங்கும் இடம், முன்பணம், ஆற்றைத் தாண்டி நம் நாட்டு மியாவாடிப் பக்கம் என்று போட்டிருந்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் இல்லை. அங்கே இருக்கிற இணைய மோசடிக் கட்டடங்களைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். உள்ளே போனவர்களின் போனையும் அட்டையையும் வாங்கிவைத்துக்கொள்வார்களாம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து தூக்கமில்லை.

நீ பழைய இடத்திலேயே இருந்தால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். வந்தால், கொண்டுவருகிறவரிடமே நாலு வரி எழுதிக் கொடு. கோயில் பள்ளியில் படித்த தமிழிலேயே எழுது, பிழையிருந்தால் பரவாயில்லை, உன் கையெழுத்துத்தான் எனக்கு வேண்டும். எந்த ஊர், எந்த முதலாளி, அட்டை எந்த மாதம்வரை செல்லும் என்று எழுது. புதுப்பிக்கப் பணம் வேண்டுமென்றால் உளுந்தின்மேல் கடன் வாங்கி அனுப்புகிறேன். முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று மறைக்காமல் எழுது. திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் கோபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா