ஏல கொக்கு, கப்பல்ல தொலஞ்ச கதை

ஏல கொக்கு,

எப்படில இருக்க. மதினிக்கு முட்டுவலி தேவலையா, சின்னவனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா. இங்கன எல்லாரும் சொகம், சுகர் மட்டும் அது பாட்டுக்கு ஏறி எறங்கிட்டு கெடக்கு. வாட்ஸ்அப்ல இவ்வளவு நீளமா போட்டா நீ மேல கீழ தள்ளிட்டு ஒரு கட்டைவிரலப் போட்டுட்டுப் போயிருவ, அதான் மெயில். ரெண்டரை வருசமா பேசாம இருந்துட்டு இப்பம் என்னல திடீர்னு லெட்டருன்னு நீ கேப்ப. நீயும் பண்ணல, நானும் பண்ணல, கணக்கு சரியாப் போச்சு, பொறவு என்ன ஏச்சு.

விசயம் என்னன்னா நாங்க கப்பல்ல போயிட்டு வந்தோம். சிரிக்காதல. சின்ன வயசுல பாவநாசம் டேம்ல போட்டுல ஏறச் சொன்னதுக்கே கம்பியப் புடிச்சிட்டு அழுத இந்தப் பல்லிதான், இப்பம் நாலு ராத்திரி கடல்ல ஒறங்கிட்டு வந்திருக்கான். மருமகப்புள்ள டிக்கெட் போட்டாரு. திருச்சி போயி பிளேன் ஏறி சிங்கப்பூரு, அங்கன இருந்து கப்பல்ல பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூரு. நானும் உன் தங்கச்சியும், மக, மருமகப்புள்ள, பேரன், எங்க அக்கா, அத்தான், பக்கத்து வீட்டு டீச்சரம்மா, கூடவே நம்ம மைனர். ஆமால, மைனர்தான். அவனக் கூட்டிட்டுப் போனா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா.

சாப்பாடு, டான்ஸு, நீச்சல் குளம் எல்லாம் போட்டோ அனுப்புதேன் பாத்துக்க. நான் சொல்ல வந்தது வேற. அந்தக் கப்பல்ல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபுடிக்கது இருக்கே, அதுதான் எளவு. ஒம் மவன் சிங்கப்பூர்ல இருக்கான்லா, நாளைக்கு ஒன்னயும் கூட்டிட்டுப் போவான், அதனால கேட்டுக்க.

மொதல்ல போனு. கரை கண்ணுல இருந்து மறைஞ்ச கொஞ்ச நேரத்துல டவர் போயிரும். போயிட்டா பரவால்ல, அதுக்குப் பொறவு கப்பலுக்குன்னே சாட்டிலைட்டுல ஒரு டவர் வரும், அதுலதான் கண்டம். நீ ஊர்ல இருந்து போட்டுட்டுப் போற ரோமிங் பேக் பெரும்பாலும் அதுல செல்லாது. ஏறுன ஒடனே பிளைட் மோடுல போடுங்கன்னு மருமகப்புள்ள தலதலையா அடிச்சிக்கிட்டாரு. மைனர் கேட்டானா. ‘ஏ நான் கப்பல்ல இருக்கேன்டே’ன்னு சங்கரன்கோவிலுக்கு ஒரு போனு, கடையத்துக்கு ஒரு போனு, கொழுந்தியாளுக்கு ஒரு போனு. ஊருக்கு வந்த பொறவு பில்லப் பாத்துட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல பயலுக்கு. எவ்வளவுன்னு நான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான், நேர்ல சொல்லுதேன்.

கப்பல்லயே வைஃபை இருக்கு, ஆனா ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு இம்புட்டுன்னு டாலர்ல கணக்கு, ஒம்போது பேருக்கும் போட்டா தெப்பக்குளத்தையே வித்துரணும். அதனால மருமகப்புள்ளைக்கு மட்டும் ஒண்ணு போட்டோம். கப்பலுக்குன்னு ஒரு ஆப் இருக்கு, அதுல நமக்குள்ள மெசேஜ் போட்டுக்கலாம், அதுக்கு நெட்டு காசு இல்ல. ஆனா போனு பைக்குள்ள ஒறங்கிச்சின்னா சத்தமே வராது. ‘எங்க இருக்கிய’ன்னு சாயங்காலம் நாலு மணிக்கு நான் போட்டதுக்கு ராத்திரி பதினொண்ணுக்கு டீச்சரம்மா ‘லிப்ட் பக்கத்தில்’ன்னு பதில் போடுதாவ. எந்த லிப்ட், எப்பம் உள்ள லிப்ட்.

மொத நாளு ராத்திரி எங்க அக்காவக் காணும்.

பாத்ரூம் போயிட்டு வாரேன்னு போனவதான். லிப்ட்ல டெக் நம்பர், அதான் மாடி நம்பர், தப்பா அமுக்கிட்டா. அந்தக் காரிடாரு நீ பாக்கணும்ல, ஜங்ஷன்ல ரயில் நிக்கும்லா, அம்மாநீளம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி வெளிச்சம், ஜன்னலே கெடையாது, கெழக்கு எது மேக்கு எதுன்னு சாமியே வந்தாலும் தெரியாது. நாங்க ஏழு பேரும் ஏழு பக்கமா தேடக் கெளம்பிட்டோம். பேரன மட்டும் ரூம்ல டிவி பாக்க விட்டுட்டு. அக்கா என்னடான்னா ஒரு வழியா எங்க ரூம் வாசலுக்கு வந்து தட்டியிருக்கா, டிவி சத்தத்துல அவனுக்குக் கேக்கல, சரி எல்லாரும் தொலஞ்சிட்டாவன்னு அவ எங்களத் தேடக் கெளம்பிட்டா. நான் டெக் பத்துல இருந்து கீழ எறங்குதேன், அவ லிப்ட்ல மேல ஏறுதா. அத்தான் பஃபேல நிக்காவ, தேடுதேன்னு சொல்லிட்டு தட்டுல ரெண்டு கேக்கு. ஒண்ணே முக்கா மணி நேரம். உன் தங்கச்சி ஒரு பக்கம் நெல்லையப்பருக்கு நேர்ந்துக்கிட்டா, நான் கவுன்டர்ல போயி எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ‘சிஸ்டர் மிஸ்ஸிங்’ங்கேன், அந்தப் பிலிப்பைன்ஸ் புள்ள சிரிச்சிக்கிட்டே ‘சார், ஷி கேனாட் கோ வெரி ஃபார்’ங்கா. எனக்கு வந்த வெளத்துக்கு.

கடைசில எங்க இருந்தா தெரியுமா. டெக் ஏழு, நடுப் படிக்கட்டு, ஒரு பெரிய பூச்சாடிப் பக்கத்துல சோபாவுல உக்காந்து யாரோ ஒரு பாய் அம்மா கூட முறுக்கு தின்னுட்டு இருக்கா. ‘தேடித் தேடி காலு கடுத்துப் போச்சுடா, இனிமே நீங்க தேடுங்கன்னு உக்காந்துட்டேன்’ங்கா.

எனக்கு அப்பம் ஒன் ஞாபகம்தான் வந்துச்சுல. ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகும்போது உங்க அப்பா சொல்லுவாவல்லா, ‘ஏ, தொலஞ்சா தேடக் கூடாது, நேரா வாகையடி முனையில போயி நிக்கணும், தேடுதது என் வேல, நிக்கது உங்க வேல’ன்னு. அந்த வருசம் நான் ஒழுங்கா நின்னேன். நீ எங்க நின்ன, எங்கிட்ட வாங்குன எட்டணாவுக்கு என்ன வாங்கித் தின்ன, அதெல்லாம் நான் மறக்கல. சவம், வட்டியோட வாங்குவேன்.

மறுநாளு காலைல நான் சட்டம் போட்டேன். தொலஞ்சவங்க டெக் ஏழு பூச்சாடிப் பக்கத்துல நிக்கணும். தேடப் போறது நான் ஒருத்தன் மட்டும். தொலையலன்னாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்ன எல்லாரும் அங்கன தல காட்டணும். ரூம் கதவெல்லாம் இரும்பு, காந்தம் ஒட்டும், பேரன்தான் கண்டுபுடிச்சான். பினாங்குல எறங்குனப்ப உன் தங்கச்சி பிரிட்ஜ்ல ஒட்டுத காந்தம் நாலு வாங்கிட்டா, அதுக்கு அடியில சீட்டு. ‘குளத்துல இருக்கேன்’, ‘டீ குடிக்கேன்’, அத்தான் சீட்டு எப்பமும் ஒண்ணுதான், ‘சாப்பாடு’. ரூமுக்கு ரூம் போன் பண்ணா காசு கெடையாது, ஆளு இல்லன்னா பேசி வச்சிரலாம், போன்ல செவப்பு லைட்டு மினுக்கும். அக்கா அதப் பாத்துட்டு வெடிக்கப் போவுதுன்னு ஈரத்துண்டப் போட்டு மூடி வச்சிருக்கா. இன்னொண்ணு, எங்க கப்பல்ல காரிடார் கார்ப்பெட்டுல மீன் மீனா போட்டிருந்தான். மீன் மூஞ்சி எந்தப் பக்கமோ அது கப்பலோட முன்பக்கம். இது தெரிஞ்ச பொறவு அக்கா தொலையவே இல்ல, குனிஞ்சிக்கிட்டே நடந்தா.

புக்கெட்லதான் மறுபடி கண்டம். அங்கன கப்பல் தள்ளி நின்னுட்டுது, சின்ன போட்டுல கரைக்குக் கொண்டு விட்டாவ. மூணு மணிக்கு ஜெட்டிக்கு வந்துரணும், நாலரைக்குக் கடைசி போட்டு. தாய்லாந்து சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி. கப்பல் சிங்கப்பூர் டைம்ல ஓடுது. மைனர் போனு கரை ஏறுன ஒடனே டவரப் புடிச்சி தானா தாய்லாந்து டைமுக்கு மாறிருச்சு. அத்தானுக்கு இருக்கவே இருக்கு அந்த எச்.எம்.டி, அவிய கல்யாண வாட்ச்சு, அத மாத்த மாட்டேன்னுட்டாவ, அது நம்மூர் டைம். ஆக எனக்கு மூணு மணி, மைனருக்கு ரெண்டு, அத்தானுக்குப் பன்னெண்டரை, இன்னும் மத்தியானச் சாப்பாடே ஆவல. நான் ஜெட்டில நிக்கேன். உன் தங்கச்சி போயித் தேடுங்கங்கா. மாட்டேன், நிக்கது என் வேலன்னுட்டேன். உள்ளுக்குள்ள வயிறு கலக்குது. அவனுக்கு மூணு மணி ஆனப்ப எனக்கு நாலு. ரெண்டு பேரும் கையில எளநியோட ஆடி அசைஞ்சி வாராவ, ‘என்னவே, கரெக்டா மூணுக்கு வந்துட்டோம்லா’ன்னு. நான் ஏசுன ஏச்சுல அந்த போட்டுக்காரன் பயந்து எந்திச்சிட்டான். நீ போனா கப்பல் டைமுக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிக்க, போன நம்பாத.

சரி, இதெல்லாம் சிரிப்பு. நான் எழுத ஒக்காந்தது அந்தப் பாய் பெரியவருக்காக.

அக்காவுக்கு முறுக்கு குடுத்த அம்மாவோட வீட்டுக்காரரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்க டேபிள்லயே போட்டிருந்தாவ, டேபிள் நாப்பத்திரெண்டு. எம்பது வயசு இருக்கும். பினாங்குக்காரரு, மவன் சிங்கப்பூர்ல, அவன் கூட்டிட்டு வந்திருக்கான். வாயத் தொறந்தாருன்னா நம்ம தாத்தா பேசுத தமிழு, ‘என்ன தம்பி, குத்தாலத்துல சாரல் வுழுந்துட்டுதா’ன்னு கேக்காரு. பூர்வீகம் கடையநல்லூர். அப்பா தறி நெசஞ்சவராம், நெசவு படுத்த பொறவு நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறிட்டாராம். 1926-ல இருந்து எழுபதுகளோட தொடக்கம் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டணம், பினாங்கு, சிங்கப்பூர்னு போயிட்டு வந்த கப்பலு அது, எங்க தெருவுலயே அதுல போனவங்க இருக்காவல்லா. ரூமெல்லாம் கெடையாது, மேல்தளத்துல பாயப் போட்டுப் படுத்துக்க வேண்டியதுதான். பக்கத்துப் பாய்ல படுத்திருந்தவரு புளியங்குடிக்காரரு, வேற ஜாதி, வேற சாமி. அவரு சிங்கப்பூர்ல எறங்கிட்டாரு, இவரு பினாங்குல. பொறவு ரெண்டு பேரும் ஆயுசுக்கும் நேர்ல பாத்துக்கிட்டதே ரெண்டு மட்டந்தானாம். ஆனா மாசம் தவறாம கடுதாசி. அப்பாவுக்கு எழுத்து வராது, நம்ம பெரியவருதான் சின்னப் பையனா இருந்து வாசிச்சுக் காட்டி, பதில் எழுதுவாராம். ‘ஒரு மாசம் வரல தம்பி, அடுத்த மாசமும் வரல. எங்க அத்தா ஒண்ணும் கேக்கல, தொப்பிய எடுத்துப் போட்டுக்கிட்டு பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு’ன்னாரு. டேபிள்ல யாரும் பேசல. மைனர் கூட கரண்டியக் கீழ வச்சுட்டான்.

எறங்குத அன்னைக்கு எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுவாத கொற, ‘கப்பல் சொந்தங்கள்’னு வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. மொத வாரம் போட்டோ எரநூறு வந்துச்சு. இப்பம் காலைல ரோசாப்பூ, மத்தியானம் மூலிகை வைத்தியம், ராத்திரி மைனரோட அரசியல். டீச்சரம்மா வெளிய போயிட்டாவ. பெரியவரு அதுல இல்ல, அவருகிட்ட பட்டன் போனுதான், காதும் மந்தம். ரூமுக்கு தினம் ஒரு பேப்பர் போடுவான் கப்பல்ல, இன்னைக்கு என்ன நிகழ்ச்சின்னு, அதோட பின்பக்கத்துல அட்ரஸ எழுதி என் சட்டப் பைல வச்சாரு. ‘எழுதுங்க தம்பி’ன்னாரு, அவ்வளவுதான். ‘லை’யும் ‘னை’யும் துதிக்கை வச்ச பழைய எழுத்துல. 1978-ல எம்.ஜி.ஆர் கெவுர்மெண்டு மாத்துனதுக்கு முன்ன நாமளும் அப்படித்தான எழுதுனோம், அந்தத் துதிக்கை கோணலாப் போனதுக்கு நீ வாங்குன அடி ஞாபகம் இருக்கா.

வந்த மறுநாளே எழுதிட்டேன்ல. நாலு பக்கம். போஸ்டாபீஸ்ல அந்தப் புள்ளைக்கு வெளிநாட்டுக் கவருக்கு எவ்வளவு ஸ்டாம்புன்னு தெரியல, எட போட்டு, கம்ப்யூட்டர்ல தேடி, உள்ள போயிக் கேட்டு, முக்கா மணி நேரம். இன்னைக்கு அம்பத்தி மூணு நாளாச்சு. பதில் இல்ல.

தபால் அப்படித்தான் கெடக்கும், எங்கயாவது சிக்கியிருக்கும்னு உன் தங்கச்சி சொல்லுதா. எனக்கும் தெரியுது. ஆனா சைக்கிள் மணி கேட்டா தார்சாவுக்குப் போயி எட்டிப் பாக்கேன். அவரு மவன் நம்பரு குரூப்ல இருக்கான்னு தேடுனேன், இல்ல, பேரு கூட கேக்கல பாரு, நாலு ராத்திரி ஒரே டேபிள்ல சாப்புட்டுருக்கோம். ஒருவேள என் கடுதாசியே போயிச் சேராம, அந்த மனுசன் அங்கன ‘நெல்லைக்காரன் ஏமாத்திட்டான்’னு நெனச்சிக்கிட்டு இருந்தா? நேத்து ரெண்டாவது ஒண்ணு எழுதிப் போட்டேன், இந்தத் தடவ ரிஜிஸ்டர்ல. அத ஒட்டிட்டு வரும்போதுதான் தோணுச்சு, பினாங்குக்கு ரெண்டு கடுதாசி போட்டாச்சு, கோயமுத்தூர்ல இருக்குத கோட்டிக்காரனுக்கு ஒண்ணு போட என்ன கேடுன்னு. நீ தேடி வருவன்னு நான் நின்னுட்டேன், நான் வருவேன்னு நீ நின்னுட்டியோ என்னமோ. இல்ல, அன்னைக்கு மாதிரி எங்கயாவது தின்னுட்டு இருந்தியா.

ஒம் மவன்கிட்ட ஒண்ணு கேளு. அவன் பினாங்குப் பக்கம் போனான்னா அந்த அட்ரஸ்ல ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொல்லு. தனியா அனுப்புதேன். ஒண்ணும் கொண்டு போவாண்டாம், முறுக்கு மட்டும் கொடுத்தா போதும், அந்த அம்மாவுக்குப் புரியும்.

ஆனித் தேருக்கு வா. போன் எடுத்துட்டு வராத. காலைல ஏழு மணிக்கு வாகையடி முனையில நிக்கேன், நீ தேடிட்டு வரணும், இந்தத் தடவ உன் மொற.

பல்லி

பி.கு: அத்தான் எச்.எம்.டி இப்பம் கரெக்டா ஓடுது. ‘பாத்தியா, நான் மாத்தவே இல்ல, ஒலகந்தான் மாறிட்டு திரும்பி வந்திருக்கு’ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாவ.