"கொஞ்சம் பொறுங்கள்" என்றவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் கொல்லையில் நான்கு பெட்டைகளும் முட்டையிடத் தொடங்கிவிட்டன. பாத்தியில் கத்தரியும் தக்காளியும் காய்க்கின்றன, கீரை கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது. வந்து பார்ப்பவர்கள் எங்கள் இருவரையும் வாயாரப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், இதில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியட்டும், எழுதிவிடு என்றார் என் கணவர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நகரத்துக்குள், இருக்கிற கொஞ்சம் இடத்தில் கோழியும் காய்கறியும் வளர்ப்பது என்று முடிவெடுத்ததும் எங்களுக்கு ஒரே பரபரப்பு. உடனே குஞ்சு வாங்க வேண்டும், உடனே விதை ஊன்ற வேண்டும். உற்சாகப்படுத்தியவர்கள் நிறையப் பேர், அவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் எங்களைக் காப்பாற்றியது "கொஞ்சம் பொறுங்கள், முதலில் இதைப் பாருங்கள்" என்று சொன்னவர்கள். சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், அந்த வேலை முடியும்வரை கூடவே நின்றார்கள். இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

உள்ளாட்சி அலுவலகத்தில் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கிய ஊழியருக்கு முதல் நன்றி. எத்தனை கோழி வைத்துக்கொள்ளலாம், பக்கத்துச் சுவரிலிருந்து கூடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், சேவல் வைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பகுதியில் சேவலுக்கு அனுமதி இல்லை. "சேவல் இல்லாவிட்டால் முட்டை கிடைக்காதே" என்று நான் இழுத்தபோது, பெட்டை தன்பாட்டுக்கு முட்டையிடும், குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் வேண்டும் என்று அவர்தான் தெளிவுபடுத்தினார். கடைசியில் அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "அனுமதியை நாங்கள் தந்துவிடுவோம், அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

அப்படித்தான் இரண்டு பக்கத்து வீடுகளிலும் வந்து கதவைத் தட்டினோம். நாற்றம் வருமா, ஈ மொய்க்குமா, எலி வருமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்டீர்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு பிறகு முகம் சுளித்திருந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம். கூடு எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் கேள்விகளே தீர்மானித்தன. எச்சமும் ஈரமும் சேரும்போதுதான் அமோனியா நெடி கிளம்பும் என்பதால் கூரையை மழைச்சாரல் அடிக்காதபடி இறக்கிக் கட்டி, காற்றோட்டத்துக்கு மேல்பக்கம் வலை வைத்தோம். கீழே மரச்சீவலைக் கனமாகப் பரப்பி, ஈரம் கண்ட இடத்தை அன்றன்றைக்கே மாற்றுகிறோம். தீவனம் மூடி போட்ட தகர டிரம்மில் இருக்கிறது, சாயங்காலமானால் தீனித்தட்டு உள்ளே வந்துவிடும். இன்றுவரை உங்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று விடாமல் வற்புறுத்திய நண்பருக்குத் தனியாக எழுத வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய இடத்தில்தான் நல்ல வெயில் விழுகிறது, காய்கறிக்கு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணிநேர வெயிலாவது வேண்டும், அங்கேயே பாத்தி போட்டுவிடலாம் என்பது எங்கள் திட்டம். நீங்கள் சுவரைத் தடவிப் பார்த்து, உதிர்ந்த பெயின்ட் துணுக்கு ஒன்றை விரலில் ஒட்டி எடுத்துக் காட்டினீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்கும், அது உரிந்து மண்ணில் விழுந்தால் மக்கவே மக்காது, தலைமுறை கடந்தும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும் என்றீர்கள். சாலையோர மண்ணில் வாகனப் புகை வழியாகப் படிந்த ஈயமும் அப்படித்தான். வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகம் முழுக்க முடிவுக்கு வந்ததே 2021-இல்தானே.

கோழி இந்த மண்ணைக் கிளறி, கொத்தி விழுங்கும். விழுங்கிய ஈயம் முட்டைக்கு வரும். சிட்னி நகரில் வீட்டுக் கொல்லைக் கோழிகளை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னீர்கள். கடை முட்டையோடு ஒப்பிட்டால் அந்த வீட்டு முட்டைகளில் ஈயம் சராசரியாக 40 மடங்கு இருந்ததாம். நல்ல முட்டை சாப்பிட வேண்டும் என்றுதானே இதில் இறங்குகிறோம்! அதைக் கேட்ட அன்று எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

பரிசோதனை முடிவில் சுவரோரத்து மண்ணில் ஈயம் அதிகம் என்றும், கொல்லையின் கடைக்கோடியில் பயமில்லை என்றும் தெரிந்தது. கோழிக் கூடு கடைக்கோடிக்குப் போனது. சுவரோரம் பூச்செடிக்கு என்றாகிவிட்டது. காய்கறிக்கு உயரமாகப் பலகை அடித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கொட்டிப் பாத்தி கட்டினோம். தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்குள் ஈயம் அவ்வளவாக ஏறாது, கீரையும் கிழங்கும்தான் கவனிக்க வேண்டியவை, மண்தூசி ஒட்டியிருக்கும், நன்றாகக் கழுவுங்கள் என்று நீங்கள் சொன்னது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தோட்டம் போட நினைக்கிற எல்லோருக்கும் இதை நாங்களும் இப்போது சொல்கிறோம்.

கூடு செய்து தந்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும், நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும் என்று சொல்லி, அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பி வலையை நீங்களே அடித்துத் தந்தீர்கள். ஓர் அடி அகல வலையைத் தரையோடு வெளிப்பக்கமாக விரித்துப் புதைத்ததும் உங்கள் யோசனைதான். தோண்டிக்கொண்டு வருகிற பிராணி சுவர் அடியில்தான் தோண்டும், வலை தடுத்ததும் பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தெரியாது என்றீர்கள். ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நான்கு சதுர அடி, வெளியே வலை அடித்த முற்றத்தில் பத்துச் சதுர அடி என்று கணக்குப் போட்டு, இடத்துக்கு மேல் கோழி வாங்காதீர்கள் என்று கறாராகச் சொன்னீர்கள். முட்டைப் பெட்டியைவிட உட்காரும் கழி உயரமாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கோழி எப்போதும் உயரமான இடத்தில்தான் அடையும், பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிட்டுவிடும். எங்கள் முட்டைகள் இத்தனை சுத்தமாக இருப்பதற்கு அந்தக் கழிதான் காரணம்.

பின்வீட்டுப் பாட்டி, உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

குஞ்சுகள் வந்த அன்று ராத்திரி சாப்பாட்டைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தீர்கள். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரிக்கப் போன என் கையைப் பிடித்தீர்கள். "வழவழன்னு இருக்கும் கண்ணு, கால் ரெண்டும் விரிஞ்சு போயிடும்." அதற்குப் பதில் சொரசொரப்பான பழைய துணி விரித்தோம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடச் சொன்னீர்கள், குஞ்சு தவறி விழுந்தாலும் மூழ்காது. ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு எடுத்தீர்கள். அப்புறம் அவை தாமாகக் குடிக்கத் தொடங்கிவிட்டன. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்று என் கணவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் குஞ்சுகளைப் பார்த்தீர்கள். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், விளக்கை விட்டு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்து மெல்லக் கீச்சிட்டால் போதும் என்று அர்த்தம். இறகு முளைத்து முடிகிற ஆறாவது வாரம் வரைக்கும் நாங்கள் அதையேதான் பார்த்தோம்.

அவற்றில் ஒன்று மட்டும் சோர்ந்து நின்றது. நீங்கள்தான் தூக்கித் திருப்பிப் பார்த்தீர்கள். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் கழிக்க முடியாமல் செத்துப்போகும் என்றீர்கள். நான் இழுத்து எடுத்துவிடலாமா என்றேன். "பிய்க்காதே, தோலோட வந்துடும்." வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, ஊறவிட்டு, மறுபடி ஒற்றி, நூல் நூலாக அது கரைந்து வரும்வரை உங்கள் கை கொஞ்சமும் அவசரப்படவில்லை. பிறகு துணியில் பொதிந்து ஈரம் போகக் காயவைத்து, துளி எண்ணெய் தடவி மற்றக் குஞ்சுகளோடு விட்டீர்கள். இன்று கூட்டத்துக்கே தலைவி அவள்தான், தட்டில் முதலில் வாய் வைப்பதும் அவள்தான். நீங்கள் வேலியோரம் வந்தால் ஓடிவந்து நிற்கிறாளே, பார்க்கிறீர்கள் இல்லையா?

மற்றொரு குஞ்சு தக்கவில்லை. அன்று கால்நடை மருத்துவர் கேட்ட கேள்விகளையும் பேசிய விதத்தையும் நாங்கள் மறக்க மாட்டோம். டாக்டர், மீதிக் குஞ்சுகளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று நாங்கள் பதறியபோது ஒவ்வொன்றாகப் பார்த்துத் தைரியம் சொன்னீர்கள். வெள்ளைக் கழிச்சல் வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பூசியைத் தேதி தவறாமல் போடுவதுதான் வழி என்று அட்டவணை எழுதிக் கொடுத்தீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுக்குப் போட வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் எச்சரித்தீர்கள். கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நீங்கள் சொன்னதை எழுதிக் கூட்டுக் கதவில் மாட்டியிருக்கிறோம். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கிற கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் அல்லவா.

வளர வளர ஒன்றுக்கு மட்டும் கொண்டை முந்திக்கொண்டு சிவந்தது. கழுத்து இறகு கூர்மையாக நீண்டது. பிறகு ஒரு விடியலில் கரகரவென்று கூவியும் விட்டது. விதி தெரியும் என்றாலும் கையில் வளர்த்ததை எங்கே கொண்டு விடுவது என்று கலங்கி நின்றோம். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிற நண்பர் தானாகவே வண்டி எடுத்துக்கொண்டு வந்து வாங்கிப் போனார். அவன் அங்கே பெட்டைகள் சூழ நடக்கிற படங்களை அவ்வப்போது அனுப்புகிறீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

மாமா, கோழி எச்சத்தைச் சுடச்சுடப் பாத்தியில் போட விடாமல் தடுத்தது நீங்கள். தழைச்சத்து அதில் மிக அதிகம், பச்சையாகப் போட்டால் வேர் கருகும், நோய்க்கிருமி கீரைக்கும் வரும் என்று சொல்லி, காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகக் குவித்துத் தந்தீர்கள். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, "தொட்டுப் பார்" என்றீர்கள். பிடிக்க முடியாத சூடு! உள்ளே 55 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் கிருமியும் களை விதையும் சாகும், சூடு தணிந்தால் கிளறிவிடு, அதன் பிறகும் சில மாதம் ஆறப்போடு என்றீர்கள். இப்போது கையில் அள்ளினால் மழை நனைத்த மண் வாசம்தான் வருகிறது.

நாற்றும் விதையும் பகிர்ந்த தோழிகளுக்கும், பெட்டைகள் முட்டையிடத் தொடங்க ஐந்தாறு மாதம் ஆகும் என்று சொல்லி எங்களைப் பொறுக்க வைத்த என் அக்காவுக்கும் நன்றி. முதலில் வந்த ஓடு மெலிந்த முட்டையைப் பார்த்து நாங்கள் பயந்தபோது, பழகும்வரை அப்படித்தான் இருக்கும், சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வை, வேண்டியதை அதுவே தின்னும் என்றாய். அப்படியே ஆயிற்று.

நாங்கள் வெளியூர் போனபோது காலையில் கூட்டைத் திறந்து, இருட்டியதும் கோழிகளை எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போட்ட எதிர்வீட்டுப் பிள்ளைகளே, கோழிகள் தாமாகவே உள்ளே போய்விடும் என்றாலும் கதவை மூடுகிற பொறுப்பு எத்தனை பெரியது என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

பகல் நேரம் குறுகத் தொடங்கினால் கோழிகள் இறகு உதிர்க்கும், அப்போது முட்டை நின்றுவிடும். அதற்குள் எல்லோர் வீட்டுக்கும் முட்டை வந்து சேரும்படி முறை வைத்துத் தருகிறோம். கழுவாமல்தான் தருவோம். ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய படலம்தான் கிருமியை உள்ளே விடாமல் காக்கிறது, சமைக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள். மக்கிய உரம் எங்கள் பாத்திக்குப் போக நிறைய மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் சாக்குப்பை கொண்டுவந்தால் போதும், அள்ளித் தர நாங்கள் இருக்கிறோம். பாட்டி, உங்களுக்கு நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
கொல்லைக்காரர்கள் இருவரும்