ஆடும் சக்கரத்துக்கு இறுக்குவது மட்டும் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளில் பல, ஓரிரு ஆண்டுகளிலேயே வீட்டுச் சுவரோரம் சாத்தப்பட்டுத் துருவேறிக் கிடப்பதை எங்கள் ஊரில் காண்கிறேன். விசாரித்தால், பெரும்பாலும் "சக்கரம் ஆடுகிறது" என்பதே பதிலாக வருகிறது. இந்த ஆட்டத்தைப் போக்குவது எளிது. அதைத் தவறாகப் போக்க முயல்வதால்தான் வண்டி வீணாகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் பேத்தியின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுதான். பின்சக்கரம் இருபுறமும் அசைந்து பிரேக் கட்டையில் உரசியது. கடையில் கொடுத்தபோது, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைப் பிரிக்காமலே, அதனுள் உருளும் எஃகுக் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டான கோனை இறுக்கித் தந்தார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் ஆடியது, மீண்டும் இறுக்கினார்கள். மூன்றாம் முறை நானே பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் ஒரு துளியும் இல்லை. துருவும் மண்ணும் கலந்த செம்பொடிதான் இருந்தது. குண்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. கோனின் வழவழப்பான தடம் முழுவதும் அம்மை வடுப்போலப் பொரிந்து கிடந்தது. உடைந்த குண்டுகளின் மேல் கோனை இறுக்க இறுக்க, அந்தத் துணுக்குகளே உளியாக மாறித் தடத்தைக் கொத்திவிடுகின்றன. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வண்டியை இறக்கி ஓட்டுவதால் கிரீஸ் கரைந்து போவதுதான் இதற்கெல்லாம் தொடக்கம்.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் எந்த இடத்திலும் ஒரே அளவாகக் 'கடக்' என்று அசைவது ஹப்பின் கோளாறு. சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் ரிம் விலகி வருவது கோட்டம். கோட்டத்தைப் போக்க ஸ்போக்குகளைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, கோனைத் தொடக் கூடாது.

ஹப் என்று உறுதியானால் ஓவராயில், அதாவது முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுவது, ஒன்றே வழி. அச்சை உருவி, கோன், கப் (ஹப்பில் குண்டுகள் அமரும் கிண்ணம்), குண்டு அனைத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழந்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சைச் சமதளத்தில் உருட்டினால் வளைவும் தெரிந்துவிடும். பின்னால் ஆளேற்றிச் செல்லும் வண்டிகளில் அச்சு வளைந்திருந்தால் எத்தனை முறை சரிசெய்தாலும் ஆட்டம் திரும்பும். நம் ஊர்ச் சாதாரண வண்டிகளில் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலக் குண்டுகளும் பொதுவாக இருக்கும். உடைந்தவற்றை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. தேய்ந்தவற்றின் நடுவே புதிய குண்டு மட்டும் சற்றுப் பெரிதாக நின்று சுமை முழுவதையும் தாங்கி விரைவில் உடையும். எனவே அத்தனையையும் ஒன்றாக மாற்ற வேண்டும். வடு விழுந்த கோனையும் மாற்றியே ஆக வேண்டும். கப்பும் பொரிந்திருந்தால் அதைத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தலாம். அதுவும் இயலாவிட்டால் ஹப்பையே மாற்றி, ஸ்போக்குகள் அனைத்தையும் அவிழ்த்துக் கட்ட வேண்டிவரும். குண்டுக்கும் கிரீஸுக்கும் ஆகும் சிறு செலவைத் தள்ளிப்போட்டதன் விலை அப்போதுதான் தெரியும்.

திரும்பப் பூட்டும்போது ஒரு பக்கக் கோனை, அதை நகராமல் பூட்டி வைக்கும் லாக் நட்டுடன் அச்சில் நன்றாக இறுக்கிவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் அளவு பார்க்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை கோனை விரலால் திருகி, மிகச் சிறிதளவு பின்வாங்கி, கோன் திரும்பாதபடி மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். லாக் நட் இறுகும்போது கோனும் சற்று உள்ளே அழுந்தும் என்பதால்தான் இந்தப் பின்வாங்கல். நிதானமாக இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் கை பழகிவிடும். இறுதியில் சக்கரத்தைத் தூக்கி விட்டால், வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகவே கீழே இறங்கி, ஊசலாடி அடங்க வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் கோன் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

கல்வித் துறைக்கு இரு வேண்டுகோள்கள். வண்டியுடன் அந்த மெல்லிய கோன் ஸ்பேனர் ஒன்றையும் சேர்த்து வழங்க வேண்டும். சாதாரண ஸ்பேனர் கோனுக்கும் லாக் நட்டுக்கும் இடையே நுழைவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தைப்பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களின் உதவியுடன் பள்ளி வளாகத்திலேயே மாணவர்கள் தங்கள் வண்டிகளின் இரு ஹப்புகளையும் தாங்களே பிரித்துப் பூட்டக் கற்றுத் தர வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உள்ள பள்ளிகளில் இதை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்