மின்காருக்குப் பூட்டிய டோபார் தொடர்பான முறைப்பாடு

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: உங்கள் குறொய்டன் கராஜில் பூட்டிய டோபாரும் (காரின் பின்னால் பூட்டும் இழுவைக் கம்பி), ராக் விளக்குகளுக்கான 13 ஊசி சொக்கெட் வயரிங்கும்

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதில் மட்டும்தான் வந்தது. தமிழில் கதைத்துத்தான் ஓடர் எடுத்தீர்கள், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். இனி விளங்கவில்லை என்று சொல்ல இடமில்லை.

சைக்கிள் ராக் ஏற்ற மட்டும் ஒரு டோபார், அதோடு அந்தக் காருக்கென்றே செய்த வயரிங் கிட். கேட்டது இவ்வளவுதான். இரண்டுக்கும் சேர்த்து 685 பவுண் வாங்கினீர்கள். பம்பரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது எந்தக் காருக்கும் போடுகிற பொது பைபாஸ் ரிலே, அதாவது ராக் விளக்குகளுக்குப் பற்றரியிலிருந்து தனியாக மின் கொடுக்கும் பெட்டி. பின் விளக்கு வயர்களில் வயரை வெட்டாமல் மேலே கவ்வி இணைக்கும் நீல நிற ஸ்னாப் கனெக்டர்களைக் கடிக்க விட்டிருக்கிறீர்கள். நீலம் தடித்த வயருக்கு உரியது. இந்த விளக்கு வயரோ 0.5 சதுர மில்லிமீற்றர். உள்ளே இருக்கும் பிளேடு வயரைப் பிடிக்காமல் ஆடுகிறது. தண்ணீர் இறங்கி, ஆறு கிழமைக்குள் செம்பு பச்சை பூத்துவிட்டது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

காரை லொக் பண்ணி 40 நிமிடம் விட்டு மீற்றர் போட்டுப் பாருங்கள். 0.38 அம்பியர் ஓடுகிறது. ரிலேயின் பியூஸைக் கழற்றினால் 0.03க்கு இறங்குகிறது. ஒரு நாளைக்கு 9 அம்பியர் மணி வீணாகப் போகிறது என்பது இதன் கணக்கு. 45 அம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பற்றரி இதை ஐந்து நாள் தாங்காது. காரை ஓட்டும் பெரிய பற்றரியில் 80 வீதம் சார்ச் இருந்தாலும், 12 வோல்ட் செத்தால் அந்தப் பற்றரியை இணைக்கும் சுவிச்சுகளான கொன்டாக்டர்கள் மூடாது, கார் அசையாது. இரண்டு தடவை அப்படியே நின்றது. இதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர் தொலைபேசியில் தந்த பதில்: "அண்ணை, டீசல் காருக்குப் பூட்டுற மாதிரித்தான் இதுக்கும். உங்களுக்கு விளங்காது, நெட்டில வாசிச்சிட்டுக் கதைக்காதேங்கோ." மரியாதையாகக் கேட்கிறேன்: மின்கார் வேலைக்கு இவர்தான் உங்கள் ஆளா?

வயர்க்கட்டைக் கேபிள் டை போட்டு எதனோடு கட்டியிருக்கிறார் என்று பார்த்தீர்களா? பின் மோட்டருக்குப் போகும் செம்மஞ்சள் உயர் மின்னழுத்தக் கேபிளோடு! உராய்ந்து உறை தேய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? புதுக் காரையே நாசமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

டோபார் பூட்டியிருப்பதைக் காரின் கொம்பியூட்டரில் பதியும் கோடிங்கும் செய்யவில்லை. டோபாரில் ராக் இருப்பது காருக்குத் தெரியாது. ரிவர்ஸ் போட்டால் பின் சென்சர் அலறி, கார் தானாகவே பிரேக் பிடிக்கிறது. பொது ரிலே அந்தத் தகவலைக் கொடுக்காது. காருக்கென்று செய்த கிட் கேட்டதே அதற்காகத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை உங்கள் பில். "1500 கிலோ இழுக்கும்" என்று அடித்திருக்கிறீர்கள். இந்தக் காரின் வின் தகட்டில் (காரின் அடையாள எண்ணும் எடை வரம்புகளும் உள்ள தகடு) இரண்டாவது வரி, அதாவது காரும் ட்ரெயிலரும் சேர்ந்த எடை, வெறுமையாக இருக்கிறது. இழுப்பதற்கு இந்தக் காருக்கு அனுமதியே இல்லை. டோபார்த் தகட்டில் உள்ள டி மதிப்பு அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது, கார் எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்வதல்ல. எனக்குத் தேவை எஸ் மதிப்பு, அதாவது டோபாரின் மேல் ஏற்றக்கூடிய எடை, 75 கிலோ: 25 கிலோ மின்சைக்கிள் இரண்டும் 19 கிலோ ராக்கும் சேர்த்து 69. இந்தப் பில்லை நம்பி யாராவது கரவன் கொழுவியிருந்தால்? இன்சூரன்ஸ்காரர் சரியான பில் கேட்கிறார். அதைத் திருத்தித் தரச் சொன்னதற்குச் சனிக்கிழமை காலை 8.30க்கு ஹரோவிலிருந்து வரச் சொன்னீர்கள். வந்தேன். கராஜ் பூட்டிக் கிடந்தது. 11 மணிக்கு ஒரு தம்பி வந்து "முகாமையாளர் திங்கள்தான் வருவார்" என்றார். அந்த நாளை எந்தக் காசு திருப்பித் தரும்?

1998 ஆகஸ்ட் 1க்குப் பின் ஓடத் தொடங்கிய காருக்கு வகை அங்கீகாரம் பெற்ற டோபார்தான் பூட்டலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். டோபாரின் அங்கீகாரத் தகடு பம்பருக்குள் மறைந்திருக்கிறது. அதன் படமும், எந்த டோர்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் இறுக்கினீர்கள் என்ற குறிப்பும் தாருங்கள்.

தயவுசெய்து 14 நாளுக்குள் பொது ரிலேயை அகற்றி, வெட்டிய வயர்களைச் சோல்டர் செய்து சுருக்குக்குழாய் போட்டு மூடி, சரியான கிட் பூட்டிக் கோடிங் செய்யுங்கள். அந்த ஊழியர் என் காரைத் தொடக்கூடாது. தவறினால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி சிறு கோரிக்கை நீதிமன்றம் போவேன். கடனட்டையில் கட்டியதால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் வங்கியிடமும் கேட்பேன். அதுவரை போக எனக்கு விருப்பமில்லை.

கழற்றிய அலுமினியப் பம்பர் பீம் எங்கே? டோபாரை என்றாவது எடுத்தால் அது திரும்பப் பூட்டப்பட வேண்டும், அது என் பொருள். வேலைக்குக் காரைக் கொண்டுவரும் நாளில் அதையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்