ஸ்டோன்ஹெஞ்ச், ‘ஹெஞ்ச்’ அல்ல: தமிழ்க் கலைக்களஞ்சியம் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் பாடநூல்களும் எழுதும் நண்பர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டனின் தொல்பழங்கால வட்டங்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் ‘ஹெஞ்ச் என்றால் கல்வட்டம்’ என்றே தொடங்குகின்றன. பிழையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஹெஞ்சுக்குக் கல்லே வேண்டியதில்லை. வட்டமாக ஓர் அகழி, அதற்கு வெளியே மண்கரை, உள்ளே போகப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வாயில். நடுவே கல் நிற்கலாம், மரத்தூண் நின்றிருக்கலாம், வெற்றிடமாகவும் கிடக்கலாம். கோட்டையென்றால் அகழி வெளியே இருக்கும். இங்கே அது கரைக்கு உட்புறம் கிடப்பதால் பகைவரைத் தடுக்க உதவாது. சடங்குக்கான இடம் என்று கருத இதுவே முக்கியக் காரணம்.

பெயருக்கு வருவோம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பெயரில் பின்பாதி, ‘தொங்குதல்’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வேரோடு உறவுடையது. நெடுங்கற்களின்மேல் கிடக்கும் உத்திரக்கற்களையோ தூக்குமரம் போன்ற தோற்றத்தையோ அது சுட்டியிருக்கலாம். 1932இல் தொல்லியல் அறிஞர் தாமஸ் கென்ட்ரிக் அந்தப் பின்பாதியை மட்டும் நறுக்கி எடுத்து, இவ்வகை இடங்களுக்கெல்லாம் பொதுப்பெயராக்கினார். வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த ஸ்டோன்ஹெஞ்சில் பெருங்கரை உள்ளே, அகழி வெளியே. மேலே சொன்ன வரையறைப்படி அது ஹெஞ்ச் ஆகாது.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் மரத்தூண்கள் நின்ற இடமான உட்ஹெஞ்சின் படங்களுக்கு விளக்கம் எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. 1925இல் விமானி கில்பர்ட் இன்சால் வானிலிருந்து கண்டறிந்த இடம் அது. தொல்லியலாளர் மாட் கன்னிங்டன் அகழ்ந்தபோது ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு நீள்வட்டங்களில் தூண்குழிகள் கிடைத்தன. மரம் மக்கிப் போய்விட்டது. குழியை நிரப்பிய மண்தான் சான்று. இன்று அங்கே தெரியும் குட்டைத் தூண்கள், குழிகள் இருந்த இடத்தைக் காட்ட நட்ட கான்கிரீட். அவற்றைக் ‘கற்தூண்கள்’ என்று எழுதிவிட வேண்டாம்.

1998இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் வெளிப்பட்ட சீஹெஞ்ச், நம்மை ஏமாற்றும் இன்னொரு பெயர். பிளந்த ஓக் மரங்கள் 55, நடுவில் தலைகீழாக வைத்த ஓர் அடிமரம். மரவளையங்களின்படி வெட்டிய ஆண்டு கி.மு. 2049. அகழியும் இல்லை, கரையும் இல்லை. பெயர் செய்தித்தாள்கள் சூட்டியது. ‘மரவட்டம்’ என்றாலே போதும்.

நம்மூர்க் கல்வட்டங்களைத் ‘தமிழ்நாட்டு ஸ்டோன்ஹெஞ்ச்’ என்பதையும் விட்டுவிடலாம். அவை ஈமச்சின்னங்கள், அடியில் கல்லறையோ தாழியோ இருக்கும்.

அட்டவணை போடுவதானால் மூன்று கட்டங்கள் போதும்: அகழி எந்தப் பக்கம், வாயில் எத்தனை, உள்ளே என்ன. இங்கிலாந்தின் இன்னொரு ஹெஞ்சான ஏவ்பரிக்கு: உட்புறம், நான்கு, கல்வட்டங்கள். உட்ஹெஞ்சுக்கு: உட்புறம், ஒன்று, மரத்தூண்கள். சீஹெஞ்சுக்கு முதல் கட்டத்திலேயே ‘இல்லை’ என்று விழும்.